நான் பிடுங்கிய கல்

அந்தக் கல்லைப் பிடுங்கியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் மறைத்து வைத்திருந்ததே போதும்.

என் தொழில் பாரம் நகர்த்துவது. அரிசி ஆலை இயந்திரம், லேத்து, ஜெனரேட்டர், நகைக்கடை இரும்புப் பெட்டி, எதுவானாலும் கிரேன் நுழைய முடியாத சந்துக்குள் இருந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். திருவண்ணாமலையில் அப்படிப்பட்ட சந்துகளுக்குக் குறைவில்லை. நானும் இன்னும் நான்கு பேரும் கடப்பாரை, இரும்பு உருளைகள், ஜாக்கி, செயின் பிளாக் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவோம். முப்பது வருஷமாக இதுதான் வேலை. இதில் நான் தெரிந்துகொண்டது, நிற்கிற பாரம் சும்மா நிற்பதில்லை என்பது. அது தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிடியைக் கழற்ற ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டும். ஒருமுறை கழன்றுவிட்டால் இரண்டு பேர் போதும். தரை கொஞ்சம் சரிவாக இருந்தால் ஒருவரும் வேண்டாம், அதுவே போகும். பள்ளிக்கூடத்தில் உராய்வு என்று ஒரு பாடம் படித்த ஞாபகம் இருக்கிறது. பாரம் தானாக நகரும்போது வரும் பயத்தைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் வீடு மலையடிவாரத்தில், மேலேறிப் போகும் தெருக்களில் கடைசி வரிசையில் இருந்தது. பின்பக்கம் பத்தடி விட்டால் மலை தொடங்கிவிடும். பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டுகிறவன் ஒருவன், மனைவியோடு இருந்தான். என்னைவிட இருபது வயது இளையவன். அவனும் அவன் மனைவியும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அப்பா கட்டிய சொந்த வீடு அது. பின்னால் ஓர் அறை எடுத்து, குளியலறையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பௌர்ணமிக்கு ஆந்திராவிலிருந்து வருகிறவர்களைத் தங்க வைக்கலாம் என்பது அவனுடைய ஆசை. அறைக்கு இடம் இருந்தது. குளியலறைக்குத்தான் நான்கடி போதவில்லை. அந்த நான்கடியை மலையிலிருந்து வெட்டி எடுத்தான்.

மண்ணை வெட்டிக்கொண்டு போனபோது ஒரு கல் குறுக்கே வந்தது. கேஸ் சிலிண்டர் அளவு இருக்கும், பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே, என் தலையைவிடச் சற்று உயரத்தில், மினி வேன் அளவுக்கு ஒரு பாறை. சாய்வான வெறும் பாறைத் தளத்தின்மேல் அது உட்கார்ந்திருந்தது. அதன் கீழ்விளிம்பு மட்டும் மண்ணில் அமிழ்ந்திருந்தது. தெருவில் இருக்கும் பெண்கள் அதன்மேல் துணி காயப்போடுவார்கள். வெயில் நேரத்தில் ஆடுகள் அதன் நிழலில் படுத்திருக்கும்.

"அண்ணா, இந்தக் கல்ல மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க. கொத்தனார் காத்துனு கீறாரு" என்றான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு வேறு வேலை இல்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன்.

மண்ணில் புதைந்த கல்லை நெம்பினால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். பல்லாடுவது போல ஆடும். இந்தக் கல் ஆடவில்லை. கடப்பாரையின்மேல் உடம்பு முழுவதையும் சாய்த்தேன். அது திருப்பித் தள்ளியது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எதையோ தாங்கிக்கொண்டிருக்கிற பொருளை அசைக்கப் பார்த்தால் கையில் அப்படித்தான் தெரியும். இரும்பு வழியாகத் தோள்பட்டை வரைக்கும் ஏறும். என் ஆட்கள் யாராவது வேறொரு வேலையில் அப்படி நெம்பிக்கொண்டிருந்தால் கத்தி நிறுத்தியிருப்பேன். அன்றைக்கு நிறுத்தவில்லை. பக்கத்தில் கொத்தனார் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் ஒரு கல்லை எடுக்க முடியவில்லை என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் மனசில் இருந்தது. மூன்றாவது அழுத்தத்தில் ணங் என்ற சத்தத்தோடு கல் மொத்தமாக வெளியே வந்து விழுந்தது.

பிறகு மேலிருந்து மணல் உதிர்ந்தது. ஒரு கைப்பிடி அளவு இருக்கும். காற்று இல்லை, யாரும் மேலே இல்லை. பெரிய பாறையின் அடியிலிருந்து மெல்லிய கோடாக இறங்கி, கல் இருந்த குழிக்குள் விழுந்து, நின்றது. நான் மேலே ஏறிப் பாறையின்மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

"இன்னாண்ணா?" என்று கீழேயிருந்து அவன் கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா. மண்ணு."

குளியலறை எழும்பியது. அறைக்கு ஆட்களும் வந்தார்கள். அந்த வருஷத்து மழையின்போது ஒருநாள் அவன் வந்து, குளியலறைக் கதவு கீழே தேய்க்கிறது, கொஞ்சம் சீவிக் கொடுங்கள் என்றான். போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தால் தரையில் அரை வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது.

"மழையில ஊறிப்போச்சு போல" என்றான்.

அது பிளாஸ்டிக் கதவு. பிளாஸ்டிக் ஊறாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நிலைச்சட்டத்தின் ஒரு பக்கம் மற்றதைவிட இறங்கியிருந்தது. பின்சுவரில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் குறுக்காக ஓடியது. நான் கதவின் அடியைச் சீவிக் கொடுத்தேன். அவன் விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசினான். அவன் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் பல் துலக்கும்போது பின்பக்கம் போய் அந்தப் பாறையைப் பார்ப்பேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. என் மனைவி ஒருநாள், "தெனம் அங்க இன்னா பாக்கறீங்க?" என்று கேட்டாள். மலையைத்தான் பார்க்கிறேன் என்றேன். இந்த ஊரில் அது நல்ல பதில். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது. அந்த வருஷம் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. முதல் நாள் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் நாள் தெருவில் முழங்கால் வரைக்கும் தண்ணீர் ஓடியது. மூன்றாம் நாள் காலை தூறலாகக் குறைந்தபோது குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஏறினேன். பாறையின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் அங்கே எப்போதும் வழியும், ஆனால் தெளிவாக வழியும். அன்றைக்குக் கலங்கிச் செம்மண் நிறத்தில் வந்தது. உள்ளேயிருக்கும் மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

பாறையின் மேல்பக்கம் சுற்றிப் போனேன். அது உட்கார்ந்திருந்த தளம் முழுக்கப் பாசியும் மழைக்கறையும் ஏறிக் கறுத்திருக்கும். பாறையை ஒட்டினாற்போல் மட்டும் ஒரு பட்டை வெளுப்பாக இருந்தது. புதிதாக உடைத்த கல்லின் நிறம். நான்கு விரல் அகலம். எத்தனையோ காலமாக வெளிச்சமே படாத இடம் அது. பாறை அதைவிட்டு நான்கு விரல் நகர்ந்துவிட்டிருந்தது. பட்டையின்மேல் விரலை வைத்தேன். தண்ணீரும் நைந்த மண்ணும் சேர்ந்து வழவழவென்று இருந்தது. கனமான இயந்திரத்தை இழுப்பதற்கு முன் நாங்கள் அடிப்பலகையில் சோப்புத் தண்ணீர் ஊற்றுவோம். அதே வழவழப்பு.

வீட்டுக்கு வந்து முதல்முறையாக என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல், மணல், கதவு, எல்லாம். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள். முடித்ததும் எழுந்து நின்றாள்.

"போய்ச் சொல்லுங்க. இப்பவே."

"இன்னும் கொஞ்சம் பாத்துட்டு..."

"அங்க பச்சக் கொழந்த கீது. நீங்க போறீங்களா, நான் போகட்டா?"

போனேன். அவன் வாசலில் நின்று ஆட்டோவின் இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாறை நகர்ந்திருக்கிறது, வீட்டைவிட்டு வெளியே வா என்று சொன்னேன். அவன் சிரித்தான்.

"அண்ணா, எங்கப்பா காலத்துலேர்ந்து அது அங்கதான் கீது. மலை நம்மள ஒண்ணும் பண்ணாதுண்ணா. அதும் காலடியில பொறந்தவங்க நாம."

அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் வந்தாள். அவள்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏண்ணா, இத்தினி வருசம் நகராதது இப்ப ஏன் நகருது?"

"பாத்ரூமுக்காக ஒரு கல்லு எடுத்தேனே... அதுதான் முட்டா இருந்திருக்கும்னு இப்பதாம்மா தோணுது" என்றேன்.

இப்போதுதான் என்று சொன்னது பொய். அந்த நேரத்தில்கூட அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டேன்.

அவள் உள்ளே போய்க் குழந்தையின் துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தான். கடைசி வரிசையில் இருந்த மற்ற வீடுகளுக்கும் என் மனைவி போய்ச் சொன்னாள். சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. தெருமுனைப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டோம். செங்கம் ரோட்டில் மரம் சாய்ந்து கிடக்கிறது, எடுத்துவிட்டு வருகிறோம் என்றார்கள்.

மணி பதினொன்று இருக்கும். மழை விட்டு வெளிச்சம்கூட வந்தது. பள்ளிக்கூட வராண்டாவில் அவன் மனைவி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனைக் காணவில்லை.

"கரண்ட் மெயின ஆஃப் பண்ணிட்டு வர்றேன்னு போனாரு" என்றாள்.

நான் ஓடவில்லை. வேகமாக நடந்தேன். எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது சத்தம் கேட்டது. இடி மாதிரியோ வெடி மாதிரியோ இல்லை. பெரிய ஆட்டுக்கல்லில் வெறும் கல்லைப் போட்டு ஆட்டுவது போல ஒரு கரகரப்பு. அவசரமே இல்லாமல், ஐந்து நொடி, ஆறு நொடி நீண்டது. பிறகு செங்கல் நொறுங்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நாய்கள்கூடக் குரைக்கவில்லை.

பாறை உருளவில்லை, சறுக்கி வந்திருந்தது. குளியலறையும் அந்த அறையும் இருந்த இடத்தில் இப்போது பாறை இருந்தது. அதன் முகம் வீட்டின் பழைய பின்சுவரில் சாய்ந்து நின்றது. வீடு விழவில்லை. ஆனால் மொத்தமும் முன்பக்கம் லேசாகத் தள்ளப்பட்டது போல இருந்தது. வாசல் நிலை கோணலாகியிருந்தது. உள்ளேயிருந்து அவன் கதவைத் தட்டினான்.

"அண்ணா! கதவு தெறக்கல! இறுகிப்போச்சு!"

அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் எங்கள் வீட்டுக்குள் ஓடிக் கடப்பாரையை எடுத்து வந்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகி நெம்பினேன். உடனே கையில் தெரிந்தது. கதவு வெறுமனே மாட்டிக்கொண்டிருக்கவில்லை. மேலே இருந்த உத்தரமும் தளமும் கோணலான நிலையின்மேல் இறங்கியிருந்தன, நிலை கதவின்மேல் இறங்கியிருந்தது. அந்த மரக்கதவுதான் முன்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. நெம்பும்போது மேலிருந்து சுண்ணாம்புத் தூள் என் கையில் உதிர்ந்தது.

கடப்பாரையை எடுத்துவிட்டேன்.

"ஏன் நிறுத்தறீங்க? ஒடைங்க!" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தார். நான் விடவில்லை. அவரைத் தள்ளிவிட்டேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். கதவை உடைக்காததால் அவன் செத்தால் அதுவும் என் தலையில்தான்.

என்னிடம் இரண்டு ஜாக்கிகள் இருந்தன. கட்டைகளை அடுக்கி, வாசலின் இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்து, உத்தரத்தைத் தொடும் வரைக்கும் மட்டும் உயர்த்தினேன். தொட்டதும் நிறுத்தினேன். அதற்குமேல் ஒரு சுற்று சுற்றினாலும் தள்ளுவதாகிவிடும். பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தபடி இருந்த சமையலறை ஜன்னலுக்குப் போனேன். அந்தப் பக்கச் சுவரில் விரிசல் கம்மி. ஜன்னலில் இரும்புக் கம்பிகள். அதற்குள் தெருவிலேயே கரண்ட் போயிருந்ததால் கட்டிங் மெஷின் ஓடாது. ரம்ப பிளேடை எடுத்து அறுக்கத் தொடங்கினேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றென்று சரியாகத் தெரியாது. முக்கால் மணி என்றாள் மனைவி. அவள் பக்கத்தில் நின்று பிளேடின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஊற்றுவதை நிறுத்தினால் பிளேடு கொதித்துப் பல் மழுங்கிவிடும். அவன் உள்ளே சமையல் மேடைமேல் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இடையில் மூன்று முறை பின்பக்கம் அந்தக் கரகரப்பு கேட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு நொடிதான். ஒவ்வொரு முறையும் நாங்கள் மூன்று பேரும் அசையாமல் இருந்தோம்.

"வருதாண்ணா?" என்று அவன் கேட்டான்.

"பேசாத. ஆடாம உக்காரு."

இரண்டு கம்பிகள் அறுந்ததும் கடப்பாரையால் அவற்றை வெளிப்பக்கமாக வளைத்தேன். அவன் தலையும் தோளும் வந்துவிட்டன. இடுப்பு மாட்டிக்கொண்டது. என் மனைவி எங்கள் வீட்டுக்குள் ஓடி நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து அவன் இடுப்பிலும் கம்பியிலும் ஊற்றினாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். தோல் உரிந்து, சட்டை கிழிந்து, அவன் எங்கள்மேல் வந்து விழுந்தான். தெருவே கத்தியது. அவன் கத்தவில்லை. எழுந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். திரும்பிப் பார்க்கவே இல்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்து கயிறு கட்டினார்கள். மறுநாள் மதியம், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அந்த வீட்டின் முன்சுவர் மடிந்து உட்கார்ந்தது. அதன் அடியில் என் ஜாக்கிகள் இரண்டும் போயின.

ஒரு வாரத்துக்குள் பாறைமேல் யாரோ விபூதிப் பட்டை இட்டுவிட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகாமல் வந்து நின்றதால் அது மலையின் கருணை என்றார்கள். பௌர்ணமிக்கு வந்தவர்கள் அதன்முன் கற்பூரம் ஏற்றினார்கள். சிலர் கைகளைப் பாறைமேல் வைத்து நெற்றியைச் சாய்த்து நின்றார்கள். நான் போய், தள்ளி நின்று கும்பிடுங்கள் என்றேன். ஒருவர் என்னை முறைத்தார். அது எந்தப் பிடியில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. நின்றுவிட்டது என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். நாங்களும் அந்த மாசமே வீட்டைக் காலி செய்துகொண்டு ரயில் நிலையத்துப் பக்கம் போய்விட்டோம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் அடி அண்ணாமலை கிராமத்தில் அவன் மனைவியின் அண்ணன் வீட்டு மாடிக்குப் போனார்கள். ஐந்து மாசம் கழித்துப் பார்க்கப் போனேன். குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு டீ போடப் போனாள். அவன் சட்டையைத் தூக்கி இடுப்பில் இருந்த தழும்பைக் காட்டினான். நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதாகச் சொன்னான். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

"அன்னிக்கே தெரியும்ப்பா" என்றேன்.

"இன்னாது?"

"கல்ல எடுத்த அன்னிக்கே. அது எதயோ தாங்குதுனு கையில தெரிஞ்சுது. தெரிஞ்சும் எடுத்தேன். மேலேர்ந்து மணல் கொட்டிச்சு, நீ இன்னான்னு கேட்ட. ஒண்ணுமில்லன்னேன். கதவு சீவ வந்தப்பவும் தெரியும்."

அவன் சட்டையை மெதுவாக இறக்கிவிட்டான். சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசம்" என்றான்.

"ஆமா."

"அந்த ரூம்புலதாண்ணா மத்தியானத்துல கொழந்தயத் தூங்க வெப்போம். சத்தம் கம்மின்னு."

அவன் ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டான். இஞ்சின் சத்தம் தெருவைத் தாண்டிப் போகும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவள் டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உட்காரவில்லை.

"இத அவருகிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்ணா" என்றாள். பிறகு, "எங்கிட்டயாவது அப்பவே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

டீயைக் குடித்தேன். குழந்தை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அவள் குனிந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.